மயில்துத்தத்தில் மூழ்கிய ஆணி

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி கூடத்துச் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து அறிவியல் ரெக்கார்டு நோட்டை நிரப்பிக்கொண்டிருந்தாள். மடியில் அவள் நோட்டு, பக்கத்தில் தோழியின் நோட்டு, எதிரே கைப்பேசியில் யாரோ செய்து காட்டும் ஒரு சோதனை. என் மூக்குக்கண்ணாடி அந்த நோட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. அதை எடுக்கும் சாக்கில் இரண்டு வரி படித்துவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். சாரம் இதுதான்: கரைசலின் நீல நிறம் போய் இளம்பச்சை வந்தது, ஆணியின் மேல் செம்பழுப்பாகப் படிந்தது.

"இதை நீ பாத்தியா?" என்று கேட்டேன்.

"எதை தாத்தா?"

"இந்தப் பச்சையை."

"மிஸ் லேப்ல ஒரு வாட்டி செஞ்சு காட்டினாங்க. நான் பின்னாடி நின்னுட்டிருந்தேன், சரியாத் தெரியலை. எல்லாரும் இதைத்தான் எழுதறாங்க. ஆன்சர் இதுதானே?"

ஆன்சர் அதுதான். அதில் சந்தேகமில்லை. அரசுப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் நடத்திய நானும் அந்தப் பச்சைக்குத்தான் மார்க் போட்டு வந்திருக்கிறேன். அதனால் மேலே ஒன்றும் பேசாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். ஆனால் மனது நகரவில்லை.

இந்தச் சோதனையை நம்மில் பலரும் ஏதோ ஒரு வகுப்பில் படித்திருப்போம். காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால், இரும்பு கரைந்து உள்ளே போகும். உள்ளே இருந்த செம்பு வெளியே வந்து ஆணியின் மேல் ஒட்டிக்கொள்ளும். பாடத்தில் இதற்கு இடப்பெயர்ச்சி வினை என்று பெயர். பஸ்ஸில் துண்டு போட்டு உட்கார்ந்திருப்பவரை வாட்டசாட்டமான ஆள் வந்து எழுப்பிவிட்டுத் தான் உட்காருவதைப் போல என்று நான் வகுப்பில் சொல்வேன். பையன்கள் சிரிப்பார்கள். இரும்புக்குச் செம்பை விட வினைபுரியும் வேகம் அதிகம், அதனால் செம்பை எழுப்பிவிட்டுவிடுகிறது. செம்புக் கம்பியை இரும்பு(II) உப்பின் கரைசலில் போட்டால் ஒன்றும் நடக்காது. சோதனையின் உயிர் இந்த ஒருவழிப் பாதையில்தான் இருக்கிறது.

'உப்புக் கரைசல்' என்ற சொல்லே பிள்ளைகளைக் குழப்பும். உப்பு என்றால் அவர்களுக்குச் சமையல் உப்புதான். வேதியியலில் மயில்துத்தமும் ஓர் உப்பு, அன்னபேதியும் ஓர் உப்பு என்று சொன்னால் முழிப்பார்கள். இந்த இரண்டு பெயர்களையும் பள்ளியில் இப்போது யாரும் சொல்வதில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரருக்குத் தெரியும். காப்பர் சல்பேட்டுக்கு மயில்துத்தம் என்று பெயர் வைத்தவர் மயிலின் கழுத்தை நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். சித்த மருத்துவர்கள் அதையே துருசு என்பார்கள். இரும்பு சல்பேட்டுக்கு அன்னபேதி என்று பெயர். சோகைக்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரம் அதிலிருந்து செய்வதுதான். ஆக, ஆணியை மயில்துத்தத்தில் போட்டால் கிடைப்பது செம்பும் அன்னபேதியும். புத்தகம் சொல்கிற பச்சை, அந்த அன்னபேதியின் பச்சை.

அடுத்த வாரம் தாம்பரத்துக்கு ஒரு வேலையாகப் போனேன். திரும்பும்போது சண்முகம் சாலைப் பக்கம் ஒரு கடையில் நூறு கிராம் மயில்துத்தம் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பேத்தியை பால்கனிக்குக் கூப்பிட்டேன். கண்ணாடி டம்ளர் கேட்டதற்கு வீட்டில் அம்மாள், "விஷத்தை எடுத்துக்கிட்டுச் சமையல்கட்டுப் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது நியாயம். மயில்துத்தம் வயிற்றுக்குள் போனால் ஆபத்து. பழைய ஜாம் பாட்டில்கள் நான்கைத் தேடி எடுத்தோம். அவை இனி சமையலறைக்குத் திரும்பாது என்று எழுதாத ஒப்பந்தம்.

முதல் கோணல் தண்ணீரிலேயே வந்தது. குழாய்த் தண்ணீரில் கரைத்தேன். சிறுசேரித் தண்ணீரைப் பற்றி இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வரும். வாளியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். அந்தத் தண்ணீரில் மயில்துத்தத்தைப் போட்டதும் பால் கலந்தது போல வெளிர்நீலமாகக் கலங்கிவிட்டது. தண்ணீரில் இருந்த கார்பனேட்டு வகை உப்புகள் செம்பைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டன. அதைத் தனியே வைத்துவிட்டு, குடிக்கிற கேன் தண்ணீரில் மறுபடி கரைத்தோம். இப்போதுதான் தெளிந்த மயில் நீலம் வந்தது.

இரண்டாவது கோணல் ஆணி. வீட்டுக் கருவிப்பெட்டியிலிருந்து பளபளப்பான ஆணி இரண்டை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, நூலில் கட்டி இறக்கினோம். கொஞ்ச நேரத்தில் பேத்தி கத்தினாள்: "தாத்தா, கருப்பாயிடுச்சு! நீங்க ஏதோ தப்பாப் பண்ணிட்டீங்க."

ஆணி உண்மையிலேயே கருப்பாகிவிட்டது. ஒரு நிமிஷம் எனக்கே ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் பெட்டியில் மிச்சமிருந்த ஆணியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். லேசான நீலச் சாயலோடு மின்னியது. துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய ஆணி அது. இரும்பின் மேல் துத்தநாகச் சட்டை. கரைசல் முதலில் பார்த்தது அந்தச் சட்டையைத்தான். துத்தநாகம் இரும்பை விட வேகமானது; செம்பை அவசர அவசரமாகப் பொடிப்பொடியாக வெளியே தள்ளும். அவ்வளவு நுண்ணிய பொடியாக வரும் செம்பு செம்பு நிறத்தில் தெரியாது, கருப்பாகத்தான் தெரியும். ஆக ஆணியும் தப்பில்லை, கரைசலும் தப்பில்லை. நாங்கள் செய்தது வேறு சோதனை, அவ்வளவுதான். நாவலூர் ஹார்டுவேர் கடையில் பூச்சு இல்லாத சாதாரணக் கம்பி ஆணி கேட்டேன். கடைப் பையன், "துரு பிடிக்குமே சார், ஜி.ஐ. ஆணி எடுத்துக்குங்க" என்று அக்கறையாகச் சொன்னான். துருப்பிடிக்கிற ஆணிதான் வேண்டும் என்று வாங்கி வருவதற்குள் அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டான்.

என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே இந்தச் செயல்பாடு இருக்கிறது. மூன்று ஆணி, இரண்டு சோதனைக் குழாய், ஒவ்வொன்றிலும் பத்து மில்லி லிட்டர் கரைசல். ஒரு குழாயில் மட்டும் இரண்டு ஆணிகளை இருபது நிமிடம் முக்கி வைக்க வேண்டும். மற்றக் குழாயும் மூன்றாவது ஆணியும் சும்மா இருக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அந்தச் சும்மா இருக்கிற குழாய்தான் இந்தச் சோதனையை எழுதியவரின் புத்திசாலித்தனம் என்பேன். ஏனென்றால் இருபது நிமிடத்தில் ஆணி அழகாகச் சிவந்துவிடுகிறது. ஆனால் நீலம் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்னால் வெள்ளைத்தாள் பிடித்துப் பார்த்தபோது, ஒரு பொட்டு வெளிறியிருக்கிறதோ என்று பேத்தி சந்தேகப்பட்டாள். எனக்கு அதுவும் தெரியவில்லை. என் கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆகி மூன்று வருஷமாகிறது, என் சாட்சி செல்லாது.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்தப் புத்தகம் கேட்கும் கேள்வி, ஆணி ஏன் பழுப்பாகிறது, கரைசலின் நீலம் ஏன் மங்குகிறது என்பதுதான். மங்குகிறது என்கிறது. அந்த இடத்தில் பச்சை என்ற பேச்சே இல்லை. பச்சையைக் கொண்டுவந்து சேர்த்தது விடைக்குறிப்புகளும் கைடுகளும் என்னைப் போன்ற வாத்தியார்களும்.

ஆணியை எடுக்காமல் அப்படியே விட்டோம். மறுநாள் காலை நீலம் நன்றாகக் குறைந்திருந்தது. அடியில் ஈரக் காப்பித்தூள் மாதிரி சிவப்பாகச் செம்பு கிடந்தது. அதற்கு மறுநாள் நீலம் ஏறக்குறைய இல்லை. பச்சையும் இல்லை. தண்ணீர் விட்ட டீ போல இளமஞ்சளாக, கொஞ்சம் கலங்கலாக இருந்தது. கரைந்த இரும்பு காற்றிலுள்ள ஆக்ஸிஜனைப் பிடித்து அடுத்த நிலைக்குப் போய், துரு நிறத்தில் கலங்கத் தொடங்கிவிட்டது. நடுவில் பச்சை வந்துபோயிருக்கத்தான் வேண்டும். ஆனால் நீர்த்த கரைசலில் அன்னபேதியின் பச்சை அவ்வளவு மெலிசு. அதே அளவு செம்பு கரைந்திருந்தால் நீலம் கண்ணைப் பறிக்கும். அதே அளவு இரும்பு கரைந்தால் தண்ணீரைப் போலத்தான் தெரியும்.

பச்சையைப் பார்த்தே தீர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. ஒரு சின்ன பாட்டிலில் மயில்துத்தத்தைக் கரைகிற மட்டும் கரைத்து, கை நிறைய ஆணியைத் தேய்த்துப் போட்டு, காற்றுக்கு இடம் வைக்காமல் விளிம்பு வரை நிரப்பி மூடி வைத்தேன். மூன்றாம் நாள், வெள்ளைத்தாளைப் பின்னால் பிடித்தபோது தெரிந்தது. இளநீர் வழுக்கையின் ஓரத்தில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு பச்சை. விடைக்குறிப்பு பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பச்சையைப் பார்க்க அடர்த்தியான கரைசல், நிறைய இரும்பு, மூடிய பாட்டில், மூன்று நாள் பொறுமை எல்லாம் வேண்டும். நாற்பது நிமிட வகுப்பில், கடைசி வரிசையில் நின்றுகொண்டு எந்தப் பிள்ளையும் அதைப் பார்த்திருக்க முடியாது. பார்த்ததாக எழுதும்படி வருஷா வருஷம் பழக்குகிறோம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மதுரை மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் வேலை பார்த்தேன். சோழவந்தான் பக்கம். வைகைப் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள் நிறைந்த ஊர்கள். வகுப்பில் இந்தச் சோதனையை மேசை மேல் செய்து காட்டிவிட்டு, குழாயை ஜன்னலில் வைத்துவிட்டேன். எடுத்து வைக்க மறந்துபோனது. இரண்டு நாள் கழித்து வகுப்புத் தேர்வு. ஒரு பையன், 'கரைசல் மஞ்சளாகக் கலங்கியது' என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் அடித்து, மேலே 'இளம்பச்சை' என்று எழுதி, ஒரு மார்க் குறைத்தேன்.

அவன் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தான். "சார், சன்னல்ல இருக்கே சார், அது மஞ்சளாத்தான் இருக்கு" என்றான்.

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

பேசாமல் நின்றான். பிறகு, "எங்கப்பா கொடிக்கால்ல அரிவாளை விட்டுப் பாப்பாரு சார். செவப்பு ஏறுச்சுன்னா இன்னும் சுண்ணாம்பு போடுவாரு" என்றான். அவன் என்ன சொல்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. போய் உட்காரச் சொல்லிவிட்டேன்.

அவன் அப்பா செய்ததற்கு அர்த்தம் எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்துத்தான், ஒரு வேளாண்மைக் கையேட்டைப் புரட்டும்போது. போர்டோ கலவை என்று ஒரு பூஞ்சைக்கொல்லி இருக்கிறது. பிரான்ஸ் நாட்டில் போர்டோ பகுதியில் திராட்சைக் கொடிகளைக் காப்பாற்ற மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் 1885-இல் உலகத்துக்கு அறிவித்தது. மயில்துத்தமும் நீற்றிய சுண்ணாம்பும்தான் சரக்கு. ஒரு சதவீதக் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தத்தை ஐம்பது லிட்டர் தண்ணீரில் தனியாகவும், ஒரு கிலோ சுண்ணாம்பை ஐம்பது லிட்டரில் தனியாகவும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது. மண் பாண்டமோ பிளாஸ்டிக்கோ வேண்டும். இன்றும் வெற்றிலையின் வாடல் நோய்க்கும், பாக்கு, காப்பித் தோட்டங்களிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

சுண்ணாம்பு போதவில்லை என்றால் கரைந்த செம்பு தனியாக மிஞ்சி நிற்கும். அது இலையைக் கருக்கிவிடும். மிஞ்சியிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தீட்டிய கத்தியையோ அரிவாளையோ கலவையில் சிறிது நேரம் முக்கி எடுக்க வேண்டும். இரும்பின் மேல் செம்பு நிறம் ஏறினால் செம்பு மிஞ்சியிருக்கிறது என்று பொருள். இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அரிவாள் வெள்ளையாகவே வந்தால் தெளிக்கலாம்.

நான் குழாயில் ஆணி போட்டு நடத்திய அதே பாடம். அந்த மனிதர் பயிர் கருகாமல் இருக்க அதைத் தினசரி வேலையாகச் செய்துகொண்டிருந்தார். அவருக்கு மார்க் இல்லை. தப்பாகப் பார்த்தால் வெற்றிலை போகும். அவர் பையன் கண்ணைத் திறந்து வைத்திருந்ததில் ஆச்சரியமென்ன? வகுப்பிலேயே இந்தப் பாடத்தைத் தெரிந்து வைத்திருந்த ஒரே பையனுக்குத்தான் நான் மார்க்கைக் குறைத்தேன். ஒரு மார்க் பெரிய விஷயமில்லை என்று யாராவது ஆறுதல் சொல்லலாம். அவன் அதற்கப்புறம் என் வகுப்பில் எழுந்து நின்று எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

என் கட்சி இதுதான். செய்முறை நோட்டில் 'கண்டது' என்ற தலைப்பின் கீழ், பிள்ளை கண்டதை மட்டும் எழுத வேண்டும். கருப்பானால் கருப்பு, ஒன்றும் ஆகாவிட்டால் ஒன்றும் ஆகவில்லை. 'எதிர்பார்த்தது' என்று பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு அங்கே பச்சை, சிவப்பு எல்லாம் எழுதிக்கொள்ளட்டும். இரண்டும் வேறுபட்டால் ஏன் என்று யோசித்து ஒரு வரி. மார்க் அந்த ஒரு வரிக்கு.

எதிர்க்கட்சி வாதமும் எனக்குத் தெரியும், நானே பேசியிருக்கிறேன். ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், ஒரு பீரியட் நாற்பது நிமிடம், ஆய்வகத்தில் உடையாத சோதனைக் குழாய் இருபது. யாராவது கண்ணில் தெறித்துக்கொண்டால் தலைமையாசிரியர் முதல் பெற்றோர் வரை வாத்தியார் தலையைத்தான் உருட்டுவார்கள். அப்புறம், ஆளுக்கொரு நிறம் எழுதினால் எதை வைத்துத் திருத்துவது? இதெல்லாம் நிஜம். ஆனால் செலவு என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்து சதவீதக் கரைசல் என்றால் பத்து மில்லிக்கு அரை கிராம் மயில்துத்தம். நான் தாம்பரத்தில் வாங்கிய நூறு கிராமில் இருநூறு குழாய். ஆளுக்கு இரண்டு என்றால் நூறு பிள்ளைகள் தங்கள் கையால் செய்யலாம்.

திருத்துவது பற்றியும் சொல்கிறேன். பிள்ளை கண்டதாகச் சொல்வதெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. பூச்சு ஆணி கருத்துப்போனதைப் பார்த்து, 'இரும்பு செம்பை வெளியேற்றாது' என்று ஒரு பிள்ளை முடிவு எழுதினால் அது தப்புதான். கண் சொன்னது சரி, முடிவு தப்பு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் வாத்தியார் வேண்டும். பச்சை என்று எல்லா நோட்டிலும் இருந்துவிட்டால் பிரித்துக் காட்ட அவருக்கு என்ன வேலை இருக்கிறது? நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு நூறில் 25 மார்க் செய்முறைக்கு. சி.பி.எஸ்.இ.யில் உள்மதிப்பீட்டு 20-இல் ஆய்வக வேலைக்கு 5. கொடுக்கிற மார்க்கைப் பார்த்ததற்குக் கொடுக்கலாமே.

பார்த்ததை வைத்துத் தப்பான முடிவுக்கு வந்தவர்களின் கதையும் சுவையானது. செம்பு உப்பு கலந்த சுனைத் தண்ணீரில் இரும்பைப் போட்டால் அது செம்பாக வருவதைப் பார்த்து, இரும்பே செம்பாக மாறிவிட்டது என்று ரசவாதிகள் நம்பினார்கள். அவர்கள் கண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. நானும் அங்கே நின்றிருந்தால் அப்படித்தான் நம்பியிருப்பேன். அடுத்து ஈயத்தைத் தங்கமாக்கலாம் என்று புறப்பட்டிருப்பேன். சீனாவில் சோங் அரசர்கள் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், இதையே தொழிலாகச் செய்தார்கள். செம்பு கலந்த தண்ணீரில் இரும்புத் தகடுகளை அடுக்கிவைத்து, படிந்த செம்பைச் சுரண்டி எடுத்து உருக்கினார்கள். தத்துவம் தெரியாமலே செம்பு கிடைத்தது. இரும்பு எங்கே போயிற்று என்று தண்ணீரைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் மனிதனுக்கு விஷயம் பிடிபட்டது. 56 கிராம் இரும்பு கரைந்தால் ஏறக்குறைய 63.5 கிராம் செம்பு வெளியே வரும். தராசு வைத்தால் மாயம் போய்விடும். 1836-இல் டேனியல் என்ற ஆங்கிலேயர் துத்தநாகத்தையும் மயில்துத்தத்தையும் வைத்தே மின்கலம் செய்தார். அந்தக் காலத் தந்தி அடித்ததெல்லாம் அந்த மாதிரிக் கலங்களின் தயவில்தான்.

"இதெல்லாம் நமக்கு எதுக்கு தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி. அவளை பால்கனி ஓரத்துக்குக் கூப்பிட்டுப்போய் ஏ.சி.யின் வெளி யூனிட்டைக் காட்டினேன். செம்புக் குழாய், அதைச் சுற்றி அலுமினியத் தகடுகள். கோவளத்துக் கடற்காற்று இங்கே வரை உப்பைக் கொண்டுவரும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். இந்த வட்டாரத்தில் ஏ.சி. சர்வீஸுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பாடும் பல்லவி அது.

நாங்கள் அதையும் பாட்டிலில் செய்து பார்த்தோம். அலுமினியத் தாளை மயில்துத்தத்தில் போட்டால் வெகு நேரம் ஒன்றும் நடப்பதில்லை. அதன் மேலுள்ள மெல்லிய ஆக்ஸைடுப் படலம் காவல் காக்கிறது. ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டதும் காவல் உடைந்தது. குமிழி கிளம்பி, பாட்டில் சுட்டு, தாள் சிவப்புச் செதிலாகப் பிய்ந்தது. பேத்தி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கேளம்பாக்கத்து உப்பளத்தைப் பஸ்ஸிலிருந்து எத்தனையோ முறை பார்த்தவள்தான். உப்புக்கு இப்படி ஒரு குணம் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

உலோகமும் உப்புத் தண்ணீரும் போடும் இந்தச் சண்டை சாதாரணமில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில்தான் புதுப்பாலம் வந்தது. இந்த விஷயத்தை ஆராயத்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து நம் ஊருக்குக் கொண்டுவந்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று திறந்தார்கள். காரைக்குடிப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துவிட்டு அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தச் செட்டியார் மட்டும் இல்லாவிட்டால் அது வேறு எங்காவது இருந்திருக்கலாம்.

வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. நீலமாக இருக்கும் கரைசலைச் சாக்கடையிலோ ஏரிப் பக்கமோ கொட்டாதீர்கள். செம்பு மீனுக்கும் பாசிக்கும் விஷம். பழைய துருப்பிடித்த ஆணிகளைத் தேய்த்துப் போட்டு, நீலம் முழுக்கப் போகும்வரை இரண்டு மூன்று நாள் விடுங்கள். செம்பெல்லாம் கீழே இறங்கிவிடும். மிஞ்சுவது இரும்புத் தண்ணீர்தான்.

கடைசியில் அவள் ரெக்கார்டு நோட்டுப் பிரச்சினை வந்தது. "இப்ப நான் எதை எழுதட்டும்? பச்சைன்னு எழுதலைன்னா மார்க் போயிடும்" என்றாள். பார்த்ததை எழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மார்க் அவளுடையது, வீரம் பேசுவது நான். "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் பச்சையை அடிக்கவில்லை. அதன் கீழேயே பென்சிலால் நான்கு வரி சேர்த்தாள்: இருபது நிமிடத்தில் நீலம் மாறவில்லை, இரண்டாம் நாள் மஞ்சள், பூச்சு ஆணி கருப்பு, மூடிய பாட்டிலில் மட்டும் பச்சை. போன வெள்ளிக்கிழமை நோட்டு திரும்பி வந்தது. ஆசையாக வாங்கிப் பார்த்தேன். பச்சைக்கு நேரே ஒரு டிக், பக்கத்தின் அடியில் கையெழுத்தும் தேதியும். பென்சில் வரிகளின் மேல் ஒரு கோடும் இல்லை, ஒரு புள்ளியும் இல்லை.

"பரவாயில்ல தாத்தா, மார்க் குறைக்கலை" என்றாள்.